எங்க வீட்டு பேண்டில் டிரம்ஸ் நான்தான்

அந்தப் பெட்டியில் கம்பி இல்லாத கிட்டார் ரெண்டு இருந்தது. கழுத்துப் பக்கம் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று அஞ்சு பட்டன். வயிற்றுப் பக்கம் மேலும் கீழும் தட்டுவதற்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை. அப்புறம் ஒரு இரும்புச் சட்டத்தில் மாட்டிய நாலு ரப்பர் தட்டு, காலால் மிதிக்க ஒரு பெடல், ரெண்டு குச்சி. ஒரு மைக். இதையெல்லாம் டிவியோடு சேர்ப்பதற்கு ஒரு கறுப்பு மிஷின்.

இதை விளையாடாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். டிவியில் ஒரு ரோடு நம்மைப் பார்த்து ஓடிவரும். ரோட்டின் மேல் கலர் கலராகக் கட்டிகள் வரும். கீழே ஒரு கோடு இருக்கும். கட்டி கோட்டைத் தொடுகிற அதே நேரத்தில், அதே கலர் பட்டனை அழுத்திக்கொண்டு பட்டையைத் தட்ட வேண்டும். டிரம்ஸ் என்றால் அதே கலர் தட்டை அடிக்க வேண்டும். சரியாக அடித்தால் பாட்டில் அந்த வாத்தியம் கேட்கும். விட்டுவிட்டால் அந்த வாத்தியம் மட்டும் பாட்டிலிருந்து காணாமல் போய்விடும். மைக் பிடித்தவர் பாட வேண்டும். பாட்டெல்லாம் இங்கிலீஷ்தான். ஆனால் மிஷினுக்கு வார்த்தை முக்கியமில்லை. குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, அது மட்டும்தான் வேண்டும். நாலு பேர் சேர்ந்தால் ஒரு பேண்டு.

ஒருத்தர் தொடர்ந்து தப்பு செய்தால் அவருடைய அடையாளம் சிவப்பாகி, அவர் வெளியே போய்விடுவார். மற்றவர்கள் நல்லா வாசித்துக் கொஞ்சம் சக்தி சேர்த்து வைத்திருந்தால், கிட்டாரைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்து அவரைத் திரும்பக் கொண்டுவரலாம். ஆனால் ஒரு ஆளை ரெண்டு தடவைதான் காப்பாற்ற முடியும். மூன்றாவது தடவையும் அவர் போய்விட்டால் பேண்டு தோற்கும். டிவிக்குள் இருக்கிற கூட்டம் ஊளையிடும்.

நான் திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில், ஒரு கெஸ்ட் ஹவுஸைப் பார்த்துக்கொள்கிறேன். எட்டு ரூம், ஒரு ஹால். படிப்பு பத்தாவது வரைக்கும். சாவி கொடுக்கிறது, மோட்டார் போடுறது, பெட்ஷீட்டை லாண்டரிக்கு எண்ணிப் போடுறது, கீசர் வேலை செய்யலைன்னா ஆளைக் கூப்பிடுறது, இதுதான் என் வேலை. குளிர் மாசங்களில் வெளிநாட்டுக்காரர்கள் ஜாஸ்தி. ஆசிரமத்தில் அமைதியாக உட்கார வருவார்கள். வெயில் ஏற ஏற கம்மியாகிவிடுவார்கள். அப்புறம் பௌர்ணமிக்குப் பௌர்ணமிதான் ரூம் நிறையும். மலை சுற்ற வருகிற நம்ம ஊர் ஜனங்கள். அன்றைக்கு ஹாலில்கூட ஜமக்காளம் விரித்துக் கொடுப்போம்.

பெட்டி அங்கே தங்கிய ஒரு வெளிநாட்டுக் குடும்பத்தினுடையது. அப்பாவும் அம்மாவும் காலையிலேயே தியானத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். பிள்ளைகள் சும்மா இருக்க மாட்டார்கள் என்று இதை எங்கிருந்தோ வாங்கி வந்து வைத்திருந்தார்கள். ஊருக்குத் திரும்பும்போது, தூக்கிக்கொண்டு போக முடியாமல், உன் பிள்ளைகளுக்கு வைத்துக்கொள் என்று என்னிடம் கொடுத்துவிட்டார்கள். நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். என் பிள்ளைகள் அப்போது என்னோடு இல்லை என்று அவர்களிடம் சொல்லவில்லை.

என் மனைவி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு ராமநாதபுரம் பக்கம் மாற்றல் வந்தது. மகளும் மகனும் அம்மாவோடு போய் அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார்கள். ரெண்டு வருஷத்தில் திரும்ப மாற்றிக் கொடுத்துவிடுவார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். இப்போது மூணாவது வருஷம் நடக்கிறது. நானும் போயிருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்தது இந்த எட்டு ரூம்தான். கடல் பக்கத்து ஊரில் போய் என்ன செய்வேன் என்று அப்போது பயந்தேன். அப்படிப் பயந்தது சரியா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

ஒரு ஆளுக்குச் சமைத்தால் கேஸ் சிலிண்டர் அஞ்சு மாசம் வருகிறது. புக் பண்ணினால் சிலிண்டர் கொண்டுவருகிறவர், "என்ன சார், ஊர்ல இல்லையா?" என்று கேட்பார். ஊரில்தான் இருக்கிறேன் என்று சொல்வேன்.

பொங்கலுக்கு மூணு பேரும் வந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோவில் வீட்டு வாசலில் நின்றதும், பையை வாங்கிக்கொண்டே, "எத்தனை நாள் தங்குறீங்க?" என்று கேட்டுவிட்டேன். தினமும் கேட்டுக் கேட்டு வாயில் வருகிற வார்த்தை.

என் மனைவி சிரித்தாள். "ஏன், ரூம் காலி பண்ணணுமா?"

"ஆதார் கார்டு ஜெராக்ஸ் குடுக்கணுமாப்பா?" என்றாள் மகள்.

எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

அன்றைக்குச் சாயங்காலமே மகன் பெட்டியைப் பிரித்துவிட்டான். அவனுக்குப் பதினொரு வயசு. எந்த ஒயர் எங்கே போகும் என்று யாரும் சொல்லித்தராமலே தெரிகிறது. மகளுக்குப் பதினாறு. அவள் ஒரு கிட்டார், அவன் ஒரு கிட்டார். மைக்கை அம்மாவிடம் கொடுத்தார்கள். அவள் இங்கிலீஷ் வார்த்தையைப் பார்க்கவே இல்லை. "ம்ம்ம்" என்று வாயை மூடிக்கொண்டே ராகமாக இழுத்தாள். மிஷின் அவளுக்குத்தான் முதல் பரிசு கொடுத்தது.

"அம்மா ஏமாத்துறாங்க" என்றான் மகன்.

"டூட்டில ஊசி போடும்போது இப்படித்தான்டா பாடுவேன். அழுற குழந்தை எல்லாம் அடங்கிடும்" என்றாள்.

டிரம்ஸ் எனக்கு வந்தது. மிச்சம் இருந்தது அதுதான். குச்சியைப் பிடித்து உட்கார்ந்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. நாலு பேர், நாலு வாத்தியம். எண்ணிக்கை சரியாக இருந்தது. ஆனால் கை நீலத்தைப் பார்த்தால் கால் பெடலை மறந்தது. காலைப் பார்த்தால் கை நின்றது. முதல் பாட்டு பாதிகூடப் போகவில்லை. கூட்டம் ஊளையிட்டது. மகள் கிட்டாரைத் தூக்கித் தூக்கி என்னைக் காப்பாற்றினாள். ரெண்டு தடவை தூக்குவாள், மூணாவது தடவை பாட்டு நின்றுவிடும். இப்படியே ஏழெட்டு முறை நடந்தது.

கடைசியில் மகன் சொன்னான். "அப்பா, நீங்க கொஞ்சம் அங்கிட்டு உக்காருங்க. நாங்க மூணு பேரு மட்டும் ஒரு வாட்டி ஆடிக்கிறோம்."

அங்கிட்டு என்பது எங்க ஊர்ப் பேச்சே இல்லை. இங்கே அந்தப் பக்கம் என்போம். அவன் அதை எப்போது கற்றுக்கொண்டான் என்று எனக்குத் தெரியாது.

"டேய், பாவம்டா" என்றாள் மகள்.

"பாவமெல்லாம் இல்ல. பாட்டு முடியவே மாட்டேங்குதுல்ல."

"ஆடுங்க, ஆடுங்க. நான் டீ போடுறேன்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

சமையல்கட்டில் பால் பொங்குகிற நேரத்தில் அந்த அறையில் பாட்டு முழுசாக முடிந்தது. டிரம்ஸ் இல்லாமலே முடிந்தது. டிவிக்குள் கூட்டம் கைதட்டியது. மூணு பேரும் சேர்ந்து கத்தினார்கள். நான் நாலு டம்ளரைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். கதவு லேசாகச் சாத்தியிருந்தது. விரலை மடக்கி ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு, உள்ளே வரச் சொல்வார்கள் என்று நின்றேன்.

என் சொந்த வீட்டில், என் பிள்ளைகள் இருக்கிற அறைக் கதவில். கெஸ்ட் ஹவுஸில் அப்படித்தான் செய்வோம்.

யாருக்கும் காதில் விழவில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் அவர்கள் ஊருக்குப் போன பிறகும் அந்த ரெண்டு தட்டு என்னை விடவில்லை. பிள்ளைகள் வருவார்கள், நான் டீ கொடுப்பேன், அவர்கள் போவார்கள், நான் பெட்ஷீட்டை மாற்றுவேன். இப்படியே போனால் இது இன்னொரு ரூம் ஆகிவிடும். வேறு என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த டிரம்ஸ் இடம் காலியாக இருந்தது தெரிந்தது. லீவுக்கு அவர்கள் வருவதற்குள் ஒரே ஒரு பாட்டையாவது கற்றுக்கொண்டு அதில் உட்கார வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வீட்டில் பழக முடியவில்லை. நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். நான் பெடலை மிதித்தால் கீழே வீட்டுக்காரம்மாவுக்குச் சீலிங் இடிக்கிற மாதிரி இருக்குமாம். "என்னங்க, அம்மில அரைக்கிறீங்களா?" என்று கேட்டார்கள். அதனால் கெஸ்ட் ஹவுஸ் முதலாளியிடம் கேட்டு ஹாலுக்கு எல்லாவற்றையும் கொண்டுபோனேன். அங்கே சுவரில் மாட்டிய பெரிய டிவி இருக்கிறது. மாசி முடிந்து ரூம்கள் காலியாக ஆரம்பித்திருந்தது. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல் எனக்கு வேலை கிடையாது.

தினமும் ஒரே பாட்டு. முதல் நாள் ஒரு விஷயம் கவனித்தேன். கட்டி கோட்டைத் தொடும்போது அடித்தால் எல்லாமே தப்பு என்று வந்தது. கொஞ்சம் முன்னாடி, கட்டி கோட்டுக்கு வருவதற்கு ஒரு விரற்கடை இருக்கும்போதே அடித்தால் சரி என்று வந்தது. எனக்கு நாற்பத்தாறு வயசு. கண்ணிலிருந்து கைக்கு வருவதற்குள் நேரமாகிறது, வயசானால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். மெதுவான ஆள் முன்கூட்டியே கிளம்ப வேண்டும், அவ்வளவுதானே. அதனால் எல்லாவற்றையும் ஒரு விரற்கடை முன்னாடியே அடிக்கப் பழகினேன். பங்குனி முழுக்கப் பழகினேன்.

அப்போது கெஸ்ட் ஹவுஸில் ஒரே ஒரு வெளிநாட்டு அம்மா இருந்தார்கள். மௌனத்தில் இருக்கிறேன் என்று எழுதிய ஒரு அட்டையைச் சட்டையில் குத்தியிருப்பார்கள். முதல் வாரம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள், கொஞ்சம் சத்தம் குறைக்க முடியுமா என்று. ரப்பர் தட்டின் மேல் துண்டு போட்டுக்கொண்டேன். பெடலுக்கு அடியில் பழைய மிதியடி. ஒரு நாள் அவர்கள் ஹால் வாசலில் நின்று பாட்டு முடிகிற வரைக்கும் பார்த்தார்கள். கை கூப்பிவிட்டுப் போனார்கள். நான் வாசித்ததைப் பார்த்த ஆள் அவர்கள் ஒருத்தர்தான். அவர்களும் பேச மாட்டார்கள்.

தனியாக விளையாடும்போது டிவியில் ஒரே ஒரு ரோடு நடுவில் வரும். மற்ற வாத்தியத்தை எல்லாம் மிஷினே வாசித்துக்கொள்ளும். பின்னால் மேடையில் பொம்மை ஆட்கள் மூணு பேர் கிட்டாரும் மைக்கும் வைத்துக்கொண்டு குதிப்பார்கள். முகம் இல்லாத மாதிரி முகம். நான் அவர்களைப் பார்க்க மாட்டேன். கோட்டை மட்டும் பார்ப்பேன்.

சித்திரையில் நூறு கட்டிக்குத் தொண்ணூற்றி ரெண்டு அடித்தேன். அன்றைக்கு மகளுக்குப் போன் பண்ணினேன். சொல்ல வேண்டும் போல இருந்தது, ஆனால் வரும்போது நேரில் பார்க்கட்டும் என்று அடக்கிக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டேன்.

"அப்பா, காலைலதான் இதே கேட்டீங்க" என்றாள்.

பெரிய லீவில் வந்தார்கள். மனைவிக்குக் கிடைத்த லீவு மூணு நாள். லீவிலும் டியூஷன் இருந்ததால் பிள்ளைகளும் அவளோடு திரும்ப வேண்டும். மூணாவது நாள் பௌர்ணமி. அன்றைக்கு ஹாலில் ஆட்கள் தங்குவார்கள், எனக்கு நிற்க நேரம் இருக்காது. அவர்கள் அன்றைக்குக் காலையிலேயே கிளம்ப வேண்டும். முதல் நாள் முழுக்கப் பயணக் களைப்பில் தூங்கினார்கள். ஆக எனக்கு ரெண்டாவது நாள் ஒன்றுதான். இது அவர்களுக்குத் தெரியாது. நான் காலையிலிருந்து, "ஹால்ல நல்லா காத்து வரும்", "பெரிய டிவி சும்மாதான் இருக்கு" என்று சுற்றிச் சுற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மகன் போனில் இருந்தான். என் மனைவிதான் கடைசியில், "உங்கப்பாவுக்கு டிரம்ஸ் அடிக்கணுமாம், வாங்க" என்று எழுப்பினாள்.

மத்தியானம் ஹாலுக்குப் போனோம். நான் என் பாட்டைப் போட்டேன்.

இப்போது நடந்ததை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஏனென்றால் அது ரொம்ப நேரம் நீடிக்கவில்லை. பாட்டு ஆரம்பித்தது. நான் ஒன்றும் விடவில்லை. சிவப்பு, மஞ்சள், பெடல், நீலம், எல்லாம் வந்து விழுந்தது. என் பிள்ளைகள்தான் தப்புத் தப்பாகத் தட்டினார்கள். மகன் வெளியே போய்விட்டான். நான் சேர்த்து வைத்த சக்தியை வைத்து, அதற்கென்று வருகிற பச்சைக் கட்டியை அடித்து, அவனைத் திரும்பக் கொண்டுவந்தேன். அடுத்து மகள் போனாள். அவளையும் கொண்டுவந்தேன்.

"அப்பா!" என்றான் மகன். "எப்பப்பா கத்துக்கிட்டீங்க?"

நான் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களால்தான் பாட்டு நின்றது. கூட்டம் ஊளையிட்டது. அந்த ஊளைச் சத்தம் எனக்கு அவ்வளவு நன்றாக இருந்தது.

மகள் கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு எப்படி இவ்ளோ மிஸ் ஆவும்? கரெக்டாதான் தட்டுறேன்." அப்புறம் டிவியைப் பார்த்தாள். "ஓ. இது பெரிய டிவி. லேட்டா காட்டுது. இருங்க, ரெண்டு நிமிஷம்."

மிஷினுக்குள் அதற்கென்று ஒரு இடம் இருக்கிறதாம். டிவி எவ்வளவு தாமதமாகக் காட்டுகிறது என்று அளந்து, அந்த அளவுக்கு மிஷினையும் காத்திருக்கச் சொல்லிவிடலாமாம். அவள் டிக் டிக் என்ற சத்தத்துக்குக் கிட்டாரைத் தட்டினாள். ஒரு எண் வந்தது. சரி என்று அழுத்தினாள். ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

திரும்ப அதே பாட்டு. நான் அடித்தேன், தப்பு. அடுத்தது, தப்பு. என் கை ஒரு விரற்கடை முன்னாடியே போய் விழுந்துகொண்டிருந்தது. நிறுத்திப் பார்த்தால் அடுத்த கட்டியை விட்டுவிடுகிறேன். முதல் கால்வாசியிலேயே பாட்டு நின்றது.

"அப்பா, நீங்க எல்லாத்தையும் முன்னாடியே அடிக்கிறீங்க" என்றாள் மகள். எனக்கு விளங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. "இந்த டிவியிலயா பழகுனீங்க? இத்தன நாளா?"

"எனக்குத்தான் வயசாயிடுச்சுன்னு நெனச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேணும்னா பழசுக்கே மாத்திடவாப்பா?" என்றாள்.

"அப்ப நாங்க எப்படி ஆடுறது?" என்றான் மகன். அவன் கேட்டது நியாயம்தான். ஒரு பேண்டில் ஒருத்தருக்கு ஒரு நேரம், மூணு பேருக்கு வேறு நேரம் வைக்க முடியாது.

"வேணாம். சரியா இருக்கிறதே இருக்கட்டும்" என்றேன்.

இன்னும் மூணு தடவை ஆடினோம். மூணு தடவையும் என்னால் நின்றது. மகன் தண்ணி குடிக்கப் போனான். மகள் டிவிப் பக்கம் திரும்பி எதையோ மாற்றினாள். "வாங்க, இன்னொரு வாட்டி" என்றாள்.

இந்தத் தடவை பாட்டு நிற்கவில்லை. நான் பாதிக்குப் பாதி விட்டேன். என் அடையாளம் சிவப்பாகவே இருந்தது. ஆனால் யாரும் கிட்டாரைத் தூக்கவில்லை, நானும் வெளியே போகவில்லை. பாட்டு கடைசி வரைக்கும் ஓடி முடிந்தது. கூட்டம் கைதட்டியது.

"சூப்பர்ப்பா. செமயா அடிச்சீங்க" என்றாள் மகள்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். வெளிநாட்டுக்காரர் யாராவது சாவியை வாங்கிக்கொண்டு கஷ்டப்பட்டு 'நன்றி' என்று ஒரு வார்த்தை சொன்னால், "உங்க தமிழ் ரொம்ப நல்லா இருக்கு" என்று நான் சொல்வேன். அதே குரல். தங்க வந்தவர்களிடம் பேசுகிற குரல். அவள் என் மகள்தானே, என்னிடமிருந்துதான் அது அவளுக்குப் போயிருக்கும்.

அவள் என்ன மாற்றினாள் என்றும் எனக்குத் தெரியும். யார் எவ்வளவு தப்பு செய்தாலும் தோற்காத மாதிரி வைக்க அந்த மிஷினில் ஒரு வழி இருக்கிறது. நோ ஃபெயில் என்று பெயர். ரெண்டு மாசம் தனியாக உட்கார்ந்திருந்தபோது அதைத் தினமும் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.

"மோட்டார் போட்டுட்டு வந்துடுறேன்" என்று வெளியே போனேன். டேங்க் நிறைந்துதான் இருந்தது. மோட்டார் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நின்றேன். எதிரே மலை. கானல் ஓடியது. ஒரு ஆள் கிடையாது. நான் பேசாமல் இருந்துவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்று தோன்றியது. பாட்டு முடிந்துவிட்டது, சிரித்துக்கொண்டே ஊருக்குப் போவார்கள். நானும் டிரம்ஸ் இடத்தில் உட்கார்ந்துதானே இருந்தேன். அடுத்த லீவிலும் இப்படியே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு லீவிலும் என்னை ஜெயிக்க வைத்து, சூப்பர் சொல்லிவிட்டு, போய்விடுவார்கள்.

இதைப் படிக்கிற நீங்களும் வீட்டில் பெரியவர்கள் யாரையாவது இப்படி ஜெயிக்க விட்டிருப்பீர்கள். அது நல்ல மனசுதான், தப்பு இல்லை. ஆனால் எங்களுக்கு அது தெரிந்துவிடும்.

உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். "அதை எடுத்துடும்மா" என்றேன்.

"எதைப்பா?"

"நோ ஃபெயில்."

அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இல்லப்பா, டைம் இல்லையேன்னுதான்..."

மைக்கைக் கையில் வைத்திருந்த என் மனைவி, அதை வாயிலிருந்து எடுக்காமலே, "அவர்தான் கேக்குறார் இல்ல, எடுத்துடு" என்றாள். டிவியிலிருந்து அவள் குரல் ஹால் முழுக்க வந்தது.

"அப்ப இப்ப ஜெயிச்சது பொய்யா?" என்றான் மகன். அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

எடுத்துவிட்டாள். தோற்றோம். திரும்பத் தோற்றோம். மகனுடைய கோபம் இப்போது என் மேல் திரும்பியது.

"அப்பா, கட்டி கோட்டுக்கு வரட்டும்ப்பா. ஏன் அவசரம்? பஸ்ஸா போகுது?"

"கை பழகிப்போச்சுடா."

"பழகுனா மாத்துங்க. நான் மட்டும் ஆரஞ்சு பட்டன் பழக எத்தன நாளாச்சு தெரியுமா? விரல் எட்டவே எட்டாது."

"பெடலை விட்டுட்டீங்க" என்றாள் மகள். அவள் குரலும் மாறியிருந்தது. "ரெண்டு அடிக்கு ஒரு வாட்டி விடுறீங்க. காலைக் கவனிங்கப்பா."

"எனக்குத் தொண்டை கட்டிடுச்சு. நாளைக்கு மறுநாள் டூட்டி. ஒழுங்கா அடிங்க" என்றாள் மனைவி.

"உன் அவசரத்துக்கு அடிக்க முடியாது" என்றேன்.

"என் அவசரம் இல்ல, உங்க அவசரம்தான் பிரச்சினையே."

மகன் கிட்டாரைக் கழற்றி சோபாவில் எறிந்துவிட்டு, குப்புறப் படுத்துக்கொண்டான். அப்புறம் அவனே எழுந்து வந்து மாட்டிக்கொண்டான். யாரும் என்னை அங்கிட்டு உட்காரச் சொல்லவில்லை. டீ யாருக்கும் ஞாபகமே வரவில்லை. என்னைத் திட்டினார்கள். நான் திரும்பத் திட்டினேன். நான் முன்னாடியே அடித்தேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கம்மியாக முன்னாடி அடித்தேன்.

கடைசியாக ஆடியபோது பாட்டில் நூற்றுக்கு எழுபத்தி மூணு வரைக்கும் போனோம். அதில் மூணாவது தடவையாக நான் வெளியே போனேன். மகள் கிட்டாரைத் தூக்கினாள். மூணாவதுக்கு அது வேலை செய்யாது என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் தூக்கினாள். கூட்டம் ஊளையிட்டது. வாசலில் லாண்டரி வண்டி வந்து ஹாரன் அடித்தது. மறுநாளுக்கான ஜமக்காளமும் தலையணையும் இறக்க வேண்டும். டிரம்ஸைக் கழற்றி ஸ்டோர் ரூமில் வைத்தேன். பாட்டு முடியவில்லை.

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டில், ஊருக்குள் வருகிற பஸ்ஸெல்லாம் படியில் ஆள் தொங்கிக்கொண்டு வந்தது. வெளியே போகிற பஸ் காலி. விழுப்புரம் பஸ்ஸில் என் வீட்டார் மூணு பேருக்கும் ஆளுக்கொரு ஜன்னல் சீட்டு கிடைத்தது. ஜன்னலுக்கு ஒருத்தராக நின்று பேசினேன். பஸ் கிளம்பும்போது மகன் தலையை நீட்டி, "கோட்டுக்கு வந்தப்புறம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். டாட்டா காட்டவில்லை.

கெஸ்ட் ஹவுஸுக்குப் போனேன். எட்டு ரூமும் நிறைந்தது. ஹாலில் ஆட்கள் வரிசையாகப் படுத்தார்கள். எத்தனை நாள் தங்குறீங்க என்று எல்லாரையும் கேட்டேன். அடுத்த நாளே எல்லாரும் போய்விட்டார்கள்.

ஹால் காலியானதும் டிரம்ஸை எடுத்து மாட்டினேன். மகள் வைத்துவிட்டுப் போன அளவை மாற்றவில்லை. தொண்ணூற்றி ரெண்டு அடித்த பாட்டில் நாற்பது வந்தது. தெரியாததைக் கற்றுக்கொள்வதைவிடக் கற்றதைக் கையிலிருந்து எடுப்பது கஷ்டமாக இருக்கிறது. கட்டி வரும், கை தூக்கிக்கொள்ளும், பிடித்து நிறுத்துவேன். அந்த ஒரு விரற்கடைக்குக் காத்திருப்பதுதான் வேலை. ஃபேன் ஓடுகிற சத்தம், ரப்பர் தட்டில் குச்சி விழுகிற சத்தம். ரூம் எல்லாம் பூட்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மகன் போன் பண்ணினான். பெரும்பாலும் அம்மாவிடமிருந்து போன் அவனுக்குப் போகும், அவன் ம், ம் என்பான், வைத்துவிடுவான். இந்தத் தடவை அவனே பண்ணினான்.

"எவ்ளோ வருது?" என்றான்.

"அறுபது வந்துச்சு."

"சும்மா சொல்லாதீங்க. போட்டோ அனுப்புங்க."

அனுப்பினேன். அம்பத்தெட்டுதான் இருந்தது. "பாத்தீங்களா" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "பெடல்?" என்று இன்னொன்று வந்தது.

இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போட்டோ அனுப்ப வேண்டும். சாப்பிட்டியா என்று நான் கேட்பதற்கு முன்னாடி அவன் இதைக் கேட்டுவிடுகிறான். இன்றைக்கு மத்தியானம் அறுபத்தி நாலு வந்தது. படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது.